இடது கைச் சாய்வு

மார்கழி பிறந்ததும் உஷாராணிக்கு வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. வெண்ணந்தூர் தபால் ஆபீசில் முத்திரை குத்தும்போது சுண்டி இழுத்தது. ராசிபுரத்து டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"தபாலாபீசுல முத்திரை குத்தறனுங்க."

பொய்யில்லை. ஆனால் இருபது வருடமாகக் குத்திவரும் முத்திரையால் இந்த வலி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதில், மகளைக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்த்துவிட்ட பிறகு, ராத்திரியும் பகலும் நினைப்பாகவே இருக்கும்படி படம் வரையக் கற்றுக்கொண்டிருப்பதை ஒரு டாக்டரிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கைக்குப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அது தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். தீபாவளிச் சாமான் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தாள். ஷஃபியுல்லா பாய் மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றபோது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருந்தது. கடை இருந்த அதே சந்துதான். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இருட்டிக் கிடந்த கூரைகளுக்கு நடுவே ஈரத்தரையில் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் வெள்ளையாக ஓடியது. திரும்பி வெளியே பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் காலில் ஈரம் பட்டது போல இருந்தது.

"எம் பொண்ணு தஹ்சீன் வரஞ்சது" என்றார் பாய். "மாடியில ஞாயித்துக்கெழம கிளாஸ் எடுக்குது."

தஹ்சீனுக்கு இருபத்தொன்பது வயது. சென்னையில் ஓவியம் படித்துவிட்டுத் திரும்பியவள். இடது கைக்காரி. மாடியறையில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே உஷாராணி ஏழாவதாகப் போய் உட்கார்ந்தாள். அவள் இவளை "அக்கா" என்றாள். இவள் அவளை "டீச்சர்" என்றாள்.

முதல் மூன்று மாதம் தஹ்சீன் வண்ணத்தையே தொடவிடவில்லை. காகிதத்தை நனைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்கச் சொன்னாள்.

"இப்பக் கண்ணாடி மாதிரி மினுங்குது பாருங்கக்கா. இப்ப வெச்சா வண்ணம் ஓடிடும். கொஞ்சம் பொறுங்க. மினுக்கம் போயி, ஆனா தொட்டா ஜில்லுனு இருக்கும். அப்ப வைங்க. ஓரம் மட்டும் மெத்துனு கலையும். அதுக்கும் மேல விட்டீங்கன்னா காகிதம் உங்க பேச்சைக் கேக்காது."

வெள்ளை வண்ணம் என்று ஒன்று டப்பாவில் கிடையாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தைச் சும்மா விட வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. உஷாராணி நன்றாகக் கற்றுக்கொண்டாள். மினுக்கம் சாகும் அந்த நொடியை, பால் பொங்கும் நேரத்தைப் பார்க்கிற மாதிரி, கண் கொட்டாமல் பார்ப்பாள்.

பிறகு எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நாளில், காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு டீச்சரின் கையைப் பார்க்கத் தொடங்கினாள்.

தஹ்சீனின் மழைக்கோடுகள் எல்லாம் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழே சரிந்து விழும். கூரை ஓடுகளும், சாக்கு மூட்டைகளின் நிழலும்கூட அந்தச் சாய்வில்தான். உஷாராணி அவள் படங்களைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். வலது கைக்கு அந்தச் சாய்வு வராது. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, முழங்கையைத் தூக்கி, இழுத்துப் பார்த்தாள். ஐம்பது தடவை, நூறு தடவை. ஒரு நாள் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

மணிக்கட்டு வலி வந்ததும் அப்படித்தான்.

தை மாதக் கடைசியில் அஞ்சு ரோடு பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் தஹ்சீன் கண்காட்சி வைத்தாள். அவளுடைய படங்கள் பதினெட்டு; ஓரத்துச் சுவரில் மாணவர்களின் படங்கள். உஷாராணி கொடுத்தது ஒரு செவ்வாய்ப்பேட்டைச் சந்து. மழை, இருட்டுக் கூரை, நடுவில் வெள்ளைக் கீற்று.

பதினோரு மணி வாக்கில் ஷஃபியுல்லா பாய் தன் கூட்டாளிகள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டே வந்தவர், உஷாராணியின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"இதப் பாருங்க. நம்ம கடைச் சந்து. எம் பொண்ணு கையி. நூறு படத்துல இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

உஷாராணி மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெற்ற தகப்பனுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதைவிட என்ன பாராட்டு வேண்டும்? சிரிப்பை அடக்கிக்கொண்டு தஹ்சீனைத் தேடினாள். தஹ்சீன் அவருக்குப் பின்னால்தான் இருந்தாள்.

"அத்தா, அது நான் வரஞ்சதில்ல" என்றாள் மெதுவாக. "அக்கா வரஞ்சது."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே இருந்த பெயர்ச்சீட்டைப் படித்தார். மகளைப் பார்த்தார். பிறகு கூட்டாளிகளை அடுத்த படத்துக்கு அழைத்துப் போனார். தஹ்சீன் மட்டும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் உஷாராணிக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டது. கூட்டத்தில் யாருடைய செருப்பையோ தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போன பிறகு தஹ்சீன் கதவைச் சாத்தினாள். உஷாராணியின் கையைப் பிடித்து, பட்டையைத் தொட்டாள்.

"இது எப்ப இருந்து?"

"மார்கழியில இருந்துங்க டீச்சர்."

"அக்கா, நான் இடது கை. என் கோடு அப்படிச் சாயறது என் கை போற வழி. நான் வேணும்னு சாய்க்கல. உங்க கைய எதுக்கு இப்படி முறிச்சிக்கிறீங்க?"

"அப்படிப் போட்டாத்தானுங்க நல்லாருக்குது."

"நான் அதச் சொல்லிக்குடுத்தனா?"

உஷாராணிக்குச் சுருக்கென்றது. "சொல்லிக்குடுக்கலீங்க. ஆனா உங்க படத்தப் பாத்துத்தானே நான் வந்தேன். உங்களாட்டம் போடோணும்னுதானே பஸ் புடிச்சு வாரேன். வேற எதுக்குங்க வர்றது?"

மேசையில் பாதியில் நின்ற படம் ஒன்று கிடந்தது. தஹ்சீன் அதைத் திருப்பிப் போட்டாள்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. இந்த வாரம் முழுக்க ஒரு கோடு போட முடியல. பிரஷ்ஷ எடுத்தா, உங்களப் பாத்து நான் போடறாப்ல இருக்கு. கொஞ்ச நாளைக்கு வராதீங்க. நானே கூப்பிடறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது உஷாராணி அழவில்லை. கோபமாக வந்தது. பணிவாக இருந்ததற்குத் தண்டனையா என்று கேட்டுக்கொண்டாள். ஆண்டகலூர் கேட் தாண்டும்போது கோபம் போய், அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்க தோசத்தில் சேலம் பஸ்ஸில் ஏறி, ராசிபுரத்தில் இறங்கித் திரும்பி வருவாள். தங்கள் தெருவை வரைந்தாள். தறிச் சத்தம் கேட்கும் ஓட்டு வீடுகள், வாசலில் காயும் பாவு நூல். வரைந்து முடித்துப் பார்த்தால் மழைச் சந்தாக இருந்தது. வெண்ணந்தூரில் மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவள் கணவன் ராசப்பன் ரிக் வண்டியில் வேலை. ஆந்திரா, ஒரிசா என்று போர் போடப் போய்விட்டு வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். மாசி மாதம் வந்தவன் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தான்.

"ஏன் உஷா, இது நம்ம தெருங்கறே. நம்ம ஊடு எது?"

"அந்த மூணாவது."

"இத்தன இருட்டாவா கெடக்குது நம்மூடு?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் படத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். தூரிகைகளைக் கட்டிப் பரணில் போட்டாள். இரண்டாம் நாளே நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள்.

பங்குனி முதல் வாரத்தில் கெங்கவல்லியில் தம்பி நாச்சிமுத்து மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கினான். அது அவள் பிறந்த ஊர். உதவிக்கு என்று போனவள், கிழங்கு லோடு ஜவ்வரிசி மில்லுக்குப் போனபோது தம்பியோடு டிராக்டரில் ஏறிக்கொண்டாள். எடை போட வரிசை நீளமாக இருந்தது. தம்பி வண்டியோடு நிற்க, அவள் மில்லுக்குப் பின்னால் நடந்தாள்.

மாவுக்களம் முழுக்க வெள்ளை. இரண்டு ஏக்கருக்கு மாவு பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். வெயில் அதன் மேல் விழுந்து கண்ணைக் கூசவைத்தது. நடுவே ஏழெட்டுப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையால் மாவைத் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் இப்போது பார்த்ததும் கை பரபரத்தது. காகிதமும் வண்ண டப்பாவும் இருந்த பை அவளோடுதான் இருந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்தாள்.

முதல் காகிதத்தில் தெரிந்த வழியிலேயே போனாள். இரண்டு பக்கமும் இருட்டைக் கட்டி நடுவில் வெள்ளையை விட்டாள். மாவுக்களம் சந்தாகிவிட்டது. இங்கே இருட்டே இல்லையே, எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று நினைத்தாள். இரண்டாவது காகிதத்தை நனைத்தாள். வண்ணத்தைக் குழைப்பதற்குள் அது காய்ந்து அப்பளமாகிவிட்டது. செவ்வாய்ப்பேட்டை மாடியில் மினுக்கம் போக நான்கு நிமிடம் ஆகும். இங்கே அனல் காற்றில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மூன்றாவதும் போனது.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. காகிதம் ஏன் காய்கிறது என்று மட்டும் யோசித்தாள். பிறகு நான்காவதை எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்து, அட்டையில் ஒட்டிப் போட்டாள். சாய்த்துப் பார்த்தாள். மினுங்கியது. கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டே இருந்தது. அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. மினுக்கம் செத்த நொடியில் வானத்துக்கு லேசாக மஞ்சளை ஓட்டினாள். களத்தின் ஓரத்துக்கு இருந்தும் இல்லாத ஒரு நீலம். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு தொடல். மணிக்கட்டை மடக்க நேரமே இல்லை. தோளிலிருந்து கை போன போக்கில் போனது.

களத்திலிருந்து தண்ணீர் குடிக்க வந்த அங்கம்மாள் என்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னாம்மா, ஒண்ணுமே வரையாம வெச்சிருக்கிற?"

"களந்தாங்கக்கா. மாவு."

"நாங்க எங்க?"

உஷாராணி ஒரு புள்ளியைக் காட்டினாள். அங்கம்மாள் குனிந்து பார்த்தாள். "இடுப்பு வலிக்குதுன்னு நிக்கிறாளே, அவதான் நான்" என்று சொல்லிவிட்டுச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

படம் அழகாக இல்லை. வலது மூலை சேறாகக் குழம்பியிருந்தது. டீச்சரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அதைக் கிழிக்கவும் கை வரவில்லை.

தஹ்சீன் கூப்பிடவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு உஷாராணி தானே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். பாய் எழுந்து, "வாங்கம்மா, மேலதான் இருக்குது" என்றார். கண்காட்சி நாளுக்குப் பிறகு அவளைப் பார்ப்பது அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. டீ சொல்லி அனுப்பினார்.

தஹ்சீன் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லாயிருக்கிறது என்று சொல்வாள் என்று உஷாராணி காத்திருந்தாள். தஹ்சீன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் நனைச்சீங்களா?"

"காஞ்சு போச்சுங்க. வேற வழி தெரியல."

"இத நான் சொல்லித்தரவே இல்லியே."

"நீங்கதானுங்க சொன்னீங்க, மினுக்கத்தப் பாருங்கன்னு."

தஹ்சீன் மூலையைக் காட்டினாள். "இங்க அவசரப்பட்டுட்டீங்க. காஞ்ச பிறகு மறுபடி தொட்டிருக்கீங்க."

"ஆமாங்க."

"இந்தப் பொம்பளைங்கள இவ்வளவு சின்னதா போட எனக்கு மனசு வந்திருக்காது" என்றாள் தஹ்சீன், பாதி தனக்குத்தானே. பிறகு, "எந்த ஊரு இது? நானும் வரட்டுமா? எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்றாள். அவள் மேசையில் இரண்டு மாதத்து வேலையாக ஒன்றும் இல்லை என்பதை உஷாராணி அப்போதுதான் கவனித்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு இருவரும் ஆத்தூர் பஸ் ஏறி அந்த மாவுக்களத்துக்குப் போனார்கள். மரத்தடியில் தஹ்சீன் ஒரு திசை பார்த்து உட்கார்ந்தாள், உஷாராணி வேறு திசை. தஹ்சீனின் காகிதமும் முதலில் காய்ந்துதான் போனது. "எவ்வளவு தண்ணிக்கா?" என்று அவள் கேட்க, உஷாராணி நனைத்துக் காட்டினாள். இன்னமும் டீச்சரின் மழைதான் அவளுக்கு உலகத்திலேயே அழகான படம். தன் படங்கள் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவற்றைத்தான் போட வேண்டியிருந்தது. அந்த அரிப்பு தீரும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குத் தெற்கே மேகம் ஏறியது. களத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள். பெண்கள் ஓடி மாவைக் குவிக்கத் தொடங்க, அங்கம்மாள் இந்தப் பக்கம் திரும்பி, "அந்தத் தார்ப்பாய் முனையப் புடிங்கம்மா" என்றாள். இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். தார்ப்பாயைக் காற்று தூக்க, தஹ்சீன் ஒரு முனையில் கல்லை வைத்து மேலே ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் வரை மாவு. திரும்பி வந்து பார்த்தபோது இருவரின் காகிதமும் மழையில் ஊறிப் போயிருந்தது.

தஹ்சீன் பைகளை எடுத்துக்கொண்டு மில் தாழ்வாரத்துக்கு ஓடினாள். "வாங்கக்கா, நனையுறீங்க."

"இந்தா வாரேன்" என்றாள் உஷாராணி. வாரேன் என்றவள் நகரவில்லை. மூடிக் கிடந்த களத்தின் மேல் மேகம் இறங்கி, தரையில் ஒட்டிக் கிடந்த மாவின் வெள்ளைக்கு இத்தனை நேரம் இல்லாத ஒரு நிறம் வந்திருந்தது. அது என்ன நிறம் என்று கண்டுபிடிக்க முயன்றபடி, புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.