நாலாம் வகுப்பில் குந்திய சரசு

செஞ்சிக் கோட்டையில் ஏறிக் காட்டுகிறேன் என்று வீட்டில் சவால் விட்டுவிட்டதால், தை மாதக் கடைசியில் கிளம்ப வேண்டியதாயிற்று. துணைக்கு மச்சான். கல்வி இலாகா உத்தியோகஸ்தர். பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சர்க்கார் திட்டம் போடுகிறது; அதற்காக ஊர் பார்க்க வந்தவர்.

திண்டிவனத்தில் காலை ஏழு மணிக்கு பஸ். பதினேழு மைல், எழுபத்தைந்து நயா பைசா. கடைத்தெருவில் மசால்வடை கட்டிக்கொள்ளுங்கள். மலைமேல் ஒன்றும் கிடைக்காது. கோட்டையின் ராஜகிரி மலையில் பாதி தூரத்திலேயே என் தொப்பை மறுத்துவிட்டது. இறங்கி, வாடகை சைக்கிளில் மச்சானோடு பக்கத்துக் கிராமமான சிங்கவரம் போனேன்.

அறுவடையான வயலில் வாத்துக்கூட்டம். அறுப்பு முடிந்த ஊர்களுக்கெல்லாம் வாத்து ஓட்டிப் போகும் முனியம்மாவும், பத்து வயது மகள் சரசுவும் அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். மச்சான் உருவில் சர்க்கார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, "பொண்ணு படிக்குதாம்மா?" என்று கேட்டது.

"நாலு ஊர்ல சேத்தேன் சார். நடுவுல வர்ற புள்ளன்னு எல்லா ஊர்லயும் ஒன்னாம் வகுப்புலயே குந்த வெக்கிறாங்க. இங்கயும் அப்டின்னா வாத்தே மேய்க்கட்டும்."

பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனோம். தலைமையாசிரியர், "எந்த வகுப்புன்னு எத வெச்சு சார் சேக்கறது?" என்று தயங்கினார். சரசு என் வடைப் பொட்டலத்தையே பார்த்தாள். பசி என்று நினைத்து நீட்டினேன். வடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அது சுற்றியிருந்த எண்ணெய் படிந்த பத்திரிகைத் தாளைப் பிரித்து, தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்தாள்.

"இன்னாடி எழுதிக்கீது?" என்றாள் முனியம்மா.

"யாரோ பஸ்ஸ வுட்டுட்டாராம்மா. அவ்ளோதான்."

அந்த நகைச்சுவைக் கட்டுரையை எழுதியவன் நான்.

"எப்படிம்மா படிச்ச?" என்றார் மச்சான்.

"எல்லா வகுப்பும் ஒரே கொட்டாய்தான சார். குந்தறது ஒன்னாம் வகுப்பு, கேக்கறது நாலாம் வகுப்பு."

தலைமையாசிரியரே அவளை நாலாம் வகுப்பு வரிசையில் உட்கார வைத்தார். எந்த மாதம் வந்தாலும் படிப்பைப் பார்த்தே வகுப்பு என்று திட்டத்தில் சேர்க்கச் சொல்லப்போவதாக மச்சான் சொன்னார். முனியம்மா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் மச்சானைப் பற்றி நான் பெருமைப்பட்டது கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் மலை ஏறிவிடுங்கள். மாசியில் அந்த வாத்துக்கூட்டம் பக்கத்து ஊரான வல்லத்துக்குப் போய்விடும். அங்குள்ள பள்ளிக்கும் மச்சான் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். சரசுவை நாலாம் வகுப்பில்தான் தேட வேண்டும்.