ஜீனத்து கட்டிய கோணல் குஞ்சம்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு ஜீனத்துக்குப் பட்டுச்சேலை முந்தானையில் குஞ்சம் கட்டுவதுதான் பிழைப்பு. இருபது வருடமாகக் கட்டுகிறாள். சீப்புப் பல் மாதிரி நேராக நிற்கும்.

போன ஆவணியில் அரிவாள்மணை அவள் ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று தையல். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கட்டியது எங்கள் தெரு அபிநயாவின் முகூர்த்தச் சேலைக்கு. முடிச்செல்லாம் ஒருபக்கம் சாய்ந்து, ஒன்று நீளம், ஒன்று குட்டை. மறுநாள் கல்யாணம்.

பெண்ணின் அம்மா மஹாலட்சுமி விரித்துப் பார்த்தாள்.

"இன்னா ஜீனத்து இது, எலி கடிச்சாப்பல இருக்குது? சொந்தக்காரங்கல்லாம் வந்துக்கினு இருக்காங்க. இனிமே இந்தத் தெருவுல ஒரு சேலைகூட ஒன் கைக்கு வராது, பாத்துக்கோ!"

 ஜீனத்து அன்று சோறு தின்னவில்லை. அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

அபிநயாவோ அதையே உடுத்தி மணமேடை ஏறினாள். "இன்னாடி குஞ்சம் இது, கோணலா?" என்று சித்திக்காரி கேட்டாள்.

"நான்தான் சித்தி இப்டி கேட்டேன். எப்டி ஆடுது பாரு!" என்று முந்தானையை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினாள் பெண்.

பத்தாம் நாள் ஜீனத்து வாசலில் எட்டுப் பெண்கள். "அக்கா, அந்தக் கோணல் குஞ்சம்தான் வேணும்." பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள், அப்புறம் சென்னையிலிருந்தும் வந்தார்கள். எல்லாம் போனில் பரவிய கல்யாணப் படம் செய்த வேலை என்கிறான் என் பேரன் லோகேஷ். ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை நாள் நேரான குஞ்சத்தையும் அதே போன்தானே படம் பிடித்தது? அந்தப் பெண் கூசாமல் ஆட்டினாளே, அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓர் ஆட்டு சென்னை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? தண்டோரா போட்டவர் யாருமில்லை. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

கூத்து அதற்கப்புறம். விரல் ஆறிவிட்டது. எப்படிக் கட்டினாலும் குஞ்சம் நேராகவே விழுந்தது.

"யா அல்லா, கோணலாவே வரமாட்டேங்குதே ஆயா! வந்தவங்கல்லாம் திரும்பிப் பூடுவாங்களே!"

"அந்தத் துணிய மறுபடியும் சுத்துடி," என்றேன்.

சுற்றினாள். அழகாகக் கோணிக்கொண்டது.

இப்போது ஒரு கைக்கு அடங்காத வேலை. கூட ஆறு பெண்கள் உட்கார்ந்து கட்டுகிறார்கள். நேற்று எட்டிப் பார்த்தேன். நடுவில் மஹாலட்சுமி! அவள் விரலிலும் வெள்ளைத் துணி.

"கையில இன்னாடி காயம்?"

"காயம் இன்னா பெரிம்மா? இது சுத்தினாத்தான் குஞ்சம் ஆடும். ஒனக்குத் தெரியாது, போ."