புதுச் சுவரில் எண்ணெய்த் தலை

பிறேமாவுக்கு ஜேர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. புதிதாக யாரையாவது கொண்டுவந்து சேர்த்தால், அவர்களின் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: வீட்டிலிருந்து பழைய கதிரை ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதன் உறையைத் தோய்த்துவிடாதீர்கள், தெரிந்த பொருள் பக்கத்தில் இருந்தால்தான் மனம் அடங்கும். ஊருக்கெல்லாம் இப்படிப் புத்தி சொன்னவள் தன் வீட்டில் செய்த வேலையைக் கேளுங்கள்.

அவளுடைய கணவர் மரியரட்ணத்துக்கு மாசியில் பாரிசவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, ஞாபகம்தான் தடுமாறியது. அவரை றெஹா என்கிற மறுவாழ்வு மருத்துவமனையில் வைத்திருந்த நாட்களில் பிறேமா சும்மா இருந்தாளா? வீடு பளிச்சென்று இருந்தால் மனிதர் உற்சாகமாக வருவார் என்று சோபாவுக்குப் புது உறை போட்டாள். பிறகு வரவேற்பறை முழுவதற்கும் பெயின்ற் அடிக்கக் கிளம்பினாள். ஆஸ்பத்திரி வெள்ளை வேண்டாம், மஞ்சளும் வேண்டாம் என்று கடையில் பாதிநாள் நின்று, காய்ச்சி ஆறிய பாலின் ஆடை நிறத்தில் ஒரு மென்வெள்ளையைத் தேர்ந்தாள்.

ஓரிடம் மட்டும் மசியவில்லை. சோபாவுக்கு மேலே, மரியரட்ணம் தலை சாய்க்கிற இடம். மனிதருக்குத் தினமும் தலைக்கு நல்லெண்ணெய் வைக்காவிட்டால் ஆகாது. வைத்த கையோடு சுவரில் சாய்ந்துகொண்டு செய்தி பார்ப்பார். "இஞ்சையப்பா, தலையை எடுங்கோ, சுவர் பழுதாப்போகுது!" என்று அவள் கத்துவாள். "துடைச்சாப் போயிடும்," என்பார் அவர். இருபது வருடமாக இதே சண்டை. அந்த வட்டக்கறை இப்போது புதுப் பெயின்றையும் மீறி மேலே வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி வந்தது. கடைசியில் கறை தடுக்கும் பெயின்ற் என்று தனியாக ஒன்றை வாங்கி அடித்து அதை ஒழித்துக்கட்டினாள். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

மரியரட்ணம் வந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஜாக்கெற்றைக் கழற்றவில்லை. சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வடிவான வீடு. ஆற்றை வீடு பிறேமா?"

"எங்கடை வீடுதானப்பா."

அவளுக்காகச் சிரித்தாரே தவிர நம்பவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "பின்னேரமாச்சு. எழும்பும், வீட்டை போவம்," என்றார்.

அடுத்தநாளும் அதே நுனி, அதே ஜாக்கெற், அதே கேள்வி. இல்லத்தில் மற்றவர்களுக்குச் சொன்னதெல்லாம் அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இந்த மனிதர் இனிச் சொந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்துவிடுவாரோ என்று பயந்தாள். கறை தடுக்கும் பெயின்றைத் தேடி அலைந்த தன்னையே திட்டித் தீர்த்தாள்.

பிறகு குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, அவர் தலையில் வழிய வழியத் தேய்த்தாள்.

"இப்ப சாயுங்கோ."

"சீ, புதுச் சுவர். வீட்டுக்காரி கத்துவா."

"கத்தமாட்டா. சாயுங்கோ."

தயங்கித் தயங்கிச் சாய்ந்தார். தலை தனக்கு வாகான இடத்தைத் தேடி மெல்ல அசைந்தது. பால் நிறச் சுவரில் எண்ணெய் பரவியது. பிறேமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாவம், எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்?

"இஞ்சையப்பா, தலையை எடுங்கோ! சுவர் பழுதாப்போகுது!"

மரியரட்ணம் தலையை எடுக்கவில்லை. கண்ணை மூடியபடியே ஜாக்கெற்றின் சிப்பைக் கீழே இழுத்தார்.

"துடைச்சாப் போயிடும்," என்றார்.