உரிக்க முடியாத ஆமை

அந்த ஆமையை வரைந்தவள் நான். வெட்டியவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கோபத்தில் ஒரு பங்கு என்மேல்தான்.

நெய்யூர் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வினைல் கட்டர் இருக்கிறது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் கணவர் வாங்கித் தந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து, வெள்ளை வினைல் தாளில் அச்சடித்து, மேலே ஒரு ஃபிலிம் ஒட்டி, கட்டருக்குள் விடுவேன். அதன் சின்னக் கத்தி ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் சுற்றி வந்து மேல் தாளை மட்டும் வெட்டும், அடித்தாளைத் தொடாது. இதை ஹாஃப் கட் என்போம். கத்தி ஒரு மயிரிழை ஆழம் கூடிப்போனால் அடித்தாளும் சேர்ந்து கிழியும். குறைந்தால் ஸ்டிக்கர் வரவே வராது. மழைக்காலத்தில் ஈரம் பட்டுத் தாள் சுருண்டுகொள்ளும்; அன்றைக்கு எல்லா அளவையும் மாற்ற வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “மெஷின்தானே வெட்டுது, ஒனக்கு என்ன வேலை?” என்பார்கள். அதற்குக்கூட எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் நான் சொல்ல வந்த கோபம் வேறு.

பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில நாள் முன்பு ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கே வந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மெதுவான குரல். பெயர்ச் சீட்டு, நோட்டு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, “இவ்வளவு சுத்தமா வெட்டுறீங்களே” என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“மூணு மிருகம் வேணும். குதிரை, முயல், ஆமை. கிளாஸ்ல பிள்ளைகளைக் குரூப்பா பிரிக்கிறோம்” என்றார். “முயல் நிறைய வேணும். ஆமை கொஞ்சம் போதும்.”

பிறகு ஒன்று சொன்னார். “சாதாரண ஸ்டிக்கர்னா பிள்ளைங்க உரிச்சுப் போட்டுருவாங்க. உரிக்க முடியாதது இருக்கா?”

இருக்கிறது. விலை உயர்ந்த சாமான்களின் மூடியில் ஒட்டியிருப்பார்களே, பிய்த்தால் முட்டை ஓடு மாதிரிப் பொடிப் பொடியாக வரும், அந்த வினைல். அதில் படம் வெட்டுவது பெரும்பாடு. கத்தி திரும்புகிற இடத்தில் எல்லாம் உடையும். எத்தனையோ தாள் பாழான பிறகு, கத்தியின் வேகத்தைக் குறைத்து, மூலைகளை வளைவாக மாற்றி, ஒருவழியாகப் பிடித்தேன். மூன்றில் ஆமைதான் எனக்குச் செல்லம். அதன் ஓட்டுக்குப் பலாப்பழத் தோல் மாதிரி முள்முள்ளாகக் கட்டம் போட்டேன். கழுத்தை நிமிர்த்தி வைத்தேன். கண்ணுக்கு இமைகூட வரைந்தேன். இந்தக் குரூப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டு வீடு தள்ளி இருக்கிற சிறுமி தண்ணீர் பாட்டிலும் கையுமாக வந்தாள். நாலாம் வகுப்பு. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

“மாமி, ஒங்க ஸ்டிக்கர எப்பிடி உரிக்கது?” என்று கேட்டாள்.

பாட்டிலைப் பார்த்தேன். என் ஆமை. தலை முழுக்கச் சுரண்டப்பட்டிருந்தது. ஓடும் கால்களும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடிக்கத் தோன்றுகிறது. “அது உரியாது மக்கா. அப்பிடித்தான் செய்தது” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார வைத்து மெல்ல மெல்லக் கேட்டேன்.

“எனக்க பேரச் சொல்லி ஆரும் விளிக்க மாட்டாவ மாமி. ஆமைன்னுதான் விளிக்காவ.”

“டீச்சரும் அப்பிடித்தான் விளிக்காவளா?”

“ஆமை எல்லாம் எழும்புன்னு சொல்லுவாவ. எழும்பி நிக்கணும். சோறு திங்கப் போவும்போ மொதல்ல குதிர, பொறவு முயல், கடைசியா நாங்க. இருக்கதும் கடைசி பெஞ்சிலதான்.”

நன்றாகப் படிக்கிறவர்கள் குதிரை. சுமாராகப் படிக்கிறவர்கள் முயல். படிப்பு ஏறாதவர்கள் என்று அவர்கள் முடிவு கட்டியவர்கள் ஆமை. பாட்டில், சோற்றுப் பாத்திரம், டைரி, கழுத்தில் தொங்குகிற அட்டை, பெஞ்ச் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கழுத்தில், உரிக்கவே முடியாதபடி! அதற்கான சாமானைத் தேடிப் பிடித்து, இமை வரைந்து, அழகாக வெட்டிக் கொடுத்தவள் நான்.

ஹேர் டிரையரை எடுத்து பாட்டிலைச் சூடு பண்ணினேன். தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்த கழுத்து அட்டையைச் சூடு பண்ணியபோது அது வளைந்து, அவளுடைய போட்டோவே கோணலாகிவிட்டது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆமை போனதா என்று மட்டும் பார்த்தாள்.

சாயங்காலம் டூட்டி முடிந்து அவள் அம்மா வந்தாள். விஷயம் அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“நான் பரிசுன்னுல்லா அக்கா நெனச்சேன்? நல்ல படமா இருக்கேன்னு இவகிட்ட, கொள்ளாம்டீ, அழகா இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் இவ என்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல.” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் திங்கக்கெழம போய்க் கேக்கப்போறேன்” என்றேன்.

“வேண்டாம் அக்கா. பிள்ளைய இன்னும் ஒதுக்குவாவ.”

“ஒனக்க பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஸ்டிக்கர் செய்தவளாட்டுதான் போறேன்.”

திங்கட்கிழமை போனேன். தலைமையாசிரியை டீ வரவழைத்தார். நான் தொடவில்லை.

“மேடம், ஆமை ஸ்டிக்கர எதுக்கு ஒட்டுறீங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. அத எடுக்கணும்.”

“யார் சொன்னது? எந்தப் பிள்ளை?”

“ஊரே சொல்லுது.”

அவர் குரல் மாறவே இல்லை. “இது பிள்ளைகளை ஊக்கப்படுத்துறதுக்கு. ஆமை ஜெயிச்ச கதை உங்களுக்குத் தெரியும்தானே? நாங்க அதைப் பாசிட்டிவா சொல்லித்தான் ஒட்டுறோம்.”

“கதையில ஆமை ஜெயிச்சுது மேடம். உங்க ஸ்கூல்ல அது கடைசி பெஞ்சில இருக்கு. கடைசியாதான் சோறு திங்குது.”

“நீங்க ஸ்டிக்கர் செய்யிறவங்க. பிள்ளைகளை எப்படி நடத்தணும்ங்கிறது எங்க வேலை.” பிறகு ஏதோ சமாதானம் செய்கிறவர் மாதிரி, “ஆனா உங்க வேலை பிரமாதம். ஒரு பிள்ளையாலகூட உரிக்க முடியல. அரையாண்டு பரீட்சை முடிஞ்சதும் திரும்பப் பிரிப்போம். அடுத்த செட்டும் நீங்கதான் பண்ணணும்” என்றார்.

“நான் செய்ய மாட்டேன்” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

“பரவாயில்ல. நாகர்கோவில்ல எத்தனையோ பேர் இருக்காங்க.”

வெளியே வரும்போது நாலாம் வகுப்பு ஜன்னலைக் கடந்துதான் வர வேண்டும். கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாத பிள்ளை. வலது கையால் எழுதினாள். இடது உள்ளங்கையை விரித்து பெஞ்சின் ஒரு மூலையை மூடி வைத்திருந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வரி எழுதி முடித்து நோட்டைத் திருப்பும்போதும் அந்தக் கையை அவள் எடுக்கவில்லை.

அன்று கணவர் போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ செய்யல்லேன்னா வேற ஆளு செய்வான். ஒனக்கு எதுக்கு இந்த வெப்ராளம், இந்தக் கொதிப்பு?” என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். “அந்த ஸ்டிக்கர் செய்தது நான்தான். ஆருக்க பிள்ளைக்கெல்லாம் ஆமை ஒட்டியிருக்கோ, சனிக்கெழம வீட்டுக்குக் கொண்டு வாங்க. நானே எடுத்துத் தாறேன்.” சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் ஆமை இருக்கிறது என்று அதிலிருந்தே தெரிந்தது.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் பாத்திரங்களோடு வந்தார்கள். எல்லாவற்றையும் சுரண்டி முடித்தபோது வாசல் படிவரை எண்ணெய்ப் பிசுக்கு. ஏழாவதாக வந்த பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை.

“எனக்க மோளுக்குக் குதிர ஒட்டியிருக்கு” என்றாள். “ராவும் பகலும் இருந்து படிச்சு வாங்கினது. நீங்க எல்லாத்தையும் இல்லாம ஆக்கினா அவ படிச்சதுக்கு என்ன மதிப்பு?”

“அவ குதிரையாட்டு இருக்கதுக்கு வேற பிள்ளைய ஆமையாக்கணுமா?” என்று கேட்டேன். அவள் முறைத்துவிட்டுப் போனாள்.

அவளாவது தன் பிள்ளைக்காகப் பேசினாள். அன்று சாயங்காலம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லி மனைவி சொன்னாளாம். கூடாது என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். “ஒட்டியிருக்கட்டும். வெக்கம் வந்தாத்தான் படிப்பா” என்றார், அந்தப் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டே.

“ஒங்க ஆபீஸ்ல ஒங்க சட்டையில ஒட்டினா சம்மதிப்பியளா?” என்றேன். “நான் ஒண்ணு வெட்டித் தாறேன். உரியாது.”

தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொல்லியிருக்கிறேன். அவர் போய்விட்டார். அவரோடு அந்தப் பிள்ளையும் போனது, அட்டையில் ஆமை ஒட்டியபடியே.

இரண்டு வாரத்தில் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது; சபைப் பெண் ஒருத்தி அதை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். மிருகப் படங்கள் நீக்கப்படுகின்றன என்று போட்டிருந்தது. நான் கையைத் தட்டிக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கு ஓடினேன். அவள் தாளை வாங்கி மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இனிமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களாம். வேறு யாரோ சாதாரண ஸ்டிக்கர் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிறுமிக்குச் சிவப்பு. முன்பு ஆமை எழும்பு என்றவர்கள் இப்போது சிவப்பு எழும்பு என்கிறார்கள்.

மறுநாள் காலை நைட் டூட்டி முடிந்ததும் நர்ஸ் வீட்டுக்கு வரவில்லை. யூனிஃபார்மோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். வேண்டாம் அக்கா, பிள்ளையை ஒதுக்குவார்கள் என்று என்னைத் தடுத்த அதே பெண். வகுப்பு வாசலில் நின்று, மகளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவள் அட்டையிலிருந்த சிவப்பு வட்டத்தை உரித்து டீச்சர் மேசைமேல் ஒட்டியிருக்கிறாள். அவள் சொன்னதை அன்று மதியம் என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள்:

“எனக்க பிள்ளைக்கு ஒரு பேரு உண்டு டீச்சர். ஒங்க ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கு. அதச் சொல்லி விளியுங்க. இன்னொரு தடவ எதையாவது ஒட்டினா, நான் டெய்லி டூட்டி முடிஞ்சு இங்கதான் வந்து நிப்பேன்.”

சொல்லிவிட்டு என் சமையலறையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சிறுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவளை மட்டும். கடைசி பெஞ்சில் மீதிப் பிள்ளைகளுக்கு இன்னும் சிவப்புதான். ஒரு பிள்ளையின் அம்மா வந்து நின்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பெயர் திரும்பக் கிடைக்குமாம். இது என்ன நியாயம்? கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும், ரப்பர் வெட்டப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் அந்த பெஞ்சில் இருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வகுப்பு வாசலில் வந்து நிற்க அந்த வீடுகளில் யாரால் முடியும்?

இப்போதெல்லாம் ஸ்டிக்கர் கேட்டு வருகிறவர்களிடம் எதில் ஒட்டுவீர்கள் என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

போன வாரம் நானும் நர்ஸும் இன்னும் மூன்று பெண்களும் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போனோம். மேசையில் இருந்தவர் வாசித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “ஸ்டிக்கருக்கா மனு?” என்று சிரித்தார்.

“ஆமா, ஸ்டிக்கருக்குத்தான்” என்றேன்.

நாளைக்கு வரச் சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம் முடிந்து அவர் திரும்பி வந்தபோதும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு எங்கள் நகலில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதில் பின்னால் விசாரிக்க மனு நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் அதையும் எழுத வைத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம்.