றோசாலியும் போறணைச் சூடும்

றோசாலி நின்றுகொண்டே கனவு காண்கிறவள். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போதும் அப்படித்தான். கை அதுபாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருக்கும், கண் எதிர்மலையில் ஏறும் மேகத்தோடு போய்விடும். "ஏ புள்ள, மேகத்தையா கூடையில போடப் போற?" என்று கங்காணி கத்தினால் நிரையில் நிற்கும் பெண்களெல்லாம் சிரிப்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. மேகத்தைக் கூடையில் போட்டால் கனக்குமா கனக்காதா என்று அதையும் ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்பாள்.

தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் மேகத்துக்குக் குறைவில்லை. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில்தான் மா மூட்டையும் மண்ணெண்ணெயும் மலையேறி வந்தன. விடியற்காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது முன்னால் நிற்பவரின் தலைத்துண்டு மட்டும் தெரியும், உடம்பு பனிக்குள் இருக்கும். தோட்டமே பாதித் தூக்கத்தில் நடப்பது போலிருக்கும். அந்தக் குளிரை அழகு, அழகு என்று துரைமார் புகழுவார்கள். புகழமாட்டார்களா என்ன? அவர்கள் வீட்டில் கணப்பு எரிந்தது.

றோசாலியின் மூத்த பிள்ளையைக் கொண்டுபோனது அந்தக் குளிர்தான். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போக வேண்டும். தகரக் கூரை, மண் தரை, ஒரு கிழவியின் காவல். ஒரு மார்கழியில் அங்கே பிள்ளைக்குச் சளி கட்டியது, அத்தோடு போயிற்று. றோசாலியும் அவள் கணவன் அற்புதராஜும் பிள்ளையை ஒரு சவுக்கு மரத்தடியில் புதைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வது? அடுத்து நேசராணி பிறந்தபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு றோசாலி ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தாள். இவளை அந்தக் காம்பராவில் விடக்கூடாது.

நினைத்தால் ஆயிற்றா? வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கிய நேரத்தில், பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்த அப்பு துரையோடு முறைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்விட்டான். அடுத்தவன் கிடைக்கும்வரை மிளகாய் அரைக்கவும் கோப்பை கழுவவும் ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஆண்டவர் தன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறார் என்று றோசாலிக்குத் தோன்றியது. பழைய கொழுந்துக் கூடை ஒன்றில் கம்பளியை விரித்து, நேசராணியை அதில் கிடத்தி, தலைமேல் வைத்துக்கொண்டு பங்களாக் குசினிக்குள் நுழைந்தாள்.

குசினியின் மூலையில் பலகாரம் சுடும் இரும்புப் போறணை ஒன்று இருந்தது. காலையில் விறகு வைத்தால் பொழுது சாயும்வரை அதன் சூடு அடங்காது. அதன் ஓரத்தில் கூடையை வைத்தாள். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும், போறணையின் அருகில் வந்ததும் இல்லாமல் போய்விடும். கூடைவரை வந்து சேராது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று, றோசாலி எத்தனையோ நாள் மிளகாயை அரைத்த பிறகும் அரைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

துரையின் மனைவி துரைசாணிக்குப் பின்னேரத் தேநீரோடு ஸ்கோன் என்ற சீமைப் பலகாரம் வேண்டும். மற்ற எதில் குறை வந்தாலும் பொறுத்துக்கொள்வாள், இதில் மாட்டாள். தன் தாய்வீட்டை விட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் ஸ்கோன் செய்யத் தெரியாது என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அவளே வந்து நின்று றோசாலிக்குக் காட்டிக் கொடுத்தாள். அவளுடைய தமிழ் பாதி அதட்டல், பாதி கைஜாடை. மா, அப்பச்சோடா, உப்பு, கொஞ்சம் வெண்ணெய். வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். புளித்த பாலை ஊற்றி, சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே தட்டி, தம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி, போறணைக்குள் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் றோசாலியின் முதல் ஸ்கோன்கள் கருங்கல்லாக வந்தன. லயத்து வரிசைவீட்டில் பிறந்து வளர்ந்த கைக்கு மா என்றால் ரொட்டி. ரொட்டி மாவை அடித்து, உருட்டி, மறுபடி அடித்துப் பிசைந்தால்தான் மெத்தென்று வரும். அதே அடியை அவள் இதற்கும் கொடுத்தாள். கல்லாக வந்தது என்பதால் அடுத்த முறை இன்னும் பலமாக அடித்தாள். துரைசாணி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பிசையாதே! தொடாதே! விரல் மட்டும்!"

அதைக் கற்றுக்கொண்ட பிறகு, கனவு காண்கிறவளுக்கென்றே ஏற்பட்ட பலகாரம் அது என்று தெரிந்தது. பால் கூடிவிட்டதா? ஒரு பிடி மா தூவு. பால் புளிக்கவில்லையா? தேசிக்காயைப் பிழி. சீனி போட மறந்துவிட்டாயா? ஜாம் தடவிக்கொள்வார்கள். றோசாலி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எதை எவ்வளவு போட்டாலும் அது கோபித்துக்கொள்ளாமல் எழும்பி, நடுவில் வெடித்து, பொன்னிறமாக வெளியே வந்தது. பிசைவதை மட்டும்தான் அது மன்னிக்காது. துரைசாணி ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் எங்கேயோ போய்விட்டாள் என்று றோசாலிக்குப் புரிந்தது. அன்றைக்கு அவளை றோசாலிக்குக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று.

அப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் துரைக்கு முறையான சமையல்காரன் வேண்டும். பதுளைப் பக்கம் துரைமார் தங்கிப்போகும் ரெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வேலை பார்த்த மாரிசாமி என்பவரை வரவழைத்தார். நரைத்த மீசை, பழைய கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை. சூப்பு, வறுத்த கோழி, புட்டிங் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் செய்து வைத்தார். பேச்சு குறைவு. துரைசாணி றோசாலியைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருது. ஸ்கோன் இவனுக்குச் சொல்லிக் கொடு. இவன் செய்தால் குசினிக்கு ஒரு ஆள் போதும் என்று துரை சொல்லுது. திங்கட்கிழமை நீ மலைக்குப் போகலாம்."

அன்று முழுவதும் றோசாலியின் கண் மேகத்தின் பக்கம் போகவில்லை. கூடையின் பக்கமே இருந்தது. நேசராணிக்கு அப்போதுதான் லேசாக இருமல் தொடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்த கையோடு குசினிக்கு வந்தாள். பாவம் செய்யப் போகிறவள் ஜெபம் செய்துவிட்டு வருவது என்ன நியாயம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மாரிசாமி மாவைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு தங்கச்சி. அடுத்து என்ன?"

"வெண்ணெயைப் போடுங்க அண்ணே. பாலை ஊத்துங்க." பலகையை அவர் பக்கம் தள்ளினாள். "அப்புறம் நல்லா அடிச்சுப் பெசையணும். ரொட்டிக்குப் பெசையிற மாதிரி. கை வலிக்கிற வரைக்கும்."

மாரிசாமி நிமிர்ந்து பார்த்தார். அவளை அல்ல, கூடையைப் பார்த்தார். உள்ளே நேசராணி இருமினாள்.

"மொதப் புள்ளையா?"

"ரெண்டாவதுங்க. மூத்தது தவறிப்போச்சு. பிள்ளைக்காம்பராவுல, மார்கழிப் பனியில."

"திங்கக்கெழமைல இருந்து இதையும் அங்கதான் விடணுமா?"

"ஆமாங்க."

அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். பலகை அதிர அதிர அடித்தார். றோசாலி 'போதும் அண்ணே, நிறுத்துங்க' என்று சொல்ல வாய் திறந்தாள். கூடையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சாதுவான ஒரு மனிதரை அவமானத்துக்குள் தள்ளிவிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் தள்ளினாள்.

பின்னேரம் விருந்தாளித் துரை ஒருவர் ஸ்கோனைத் தட்டில் தட்டிப் பார்த்த சத்தம் குசினிவரை கேட்டது. பிறகு சிரிப்பு. பிறகு துரைசாணியின் செருப்புச் சத்தம். முகம் சிவந்து வாசலில் நின்றாள்.

"யார் செய்தது?"

"நாந்தாங்க தொரசாணி," என்றார் மாரிசாமி. "இந்தப் புள்ள சரியாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. எனக்குத்தான் கைவரல. வயசான கை, இனிமே புதுசா ஒண்ணும் படியாதுங்க."

துரைசாணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு றோசாலியின் பக்கம் விரலை நீட்டினாள். "நீ எங்கேயும் போகாதே. ஸ்கோன் உன் வேலை. துரைக்கு நான் சொல்கிறேன்."

அவள் போன பிறகும் றோசாலி அசையவில்லை. நினைத்தது நடந்துவிட்டது, சந்தோஷம் மட்டும் வரவில்லை. விருந்தாளிகள் துரையோடு நடக்கக் கிளம்பிப் போனார்கள். வெளியே மலைகள் ஒவ்வொன்றாக மேகத்துக்குள் மறைந்தன, குசினி மட்டும் உலகத்தில் தனியாக மிஞ்சியது போலிருந்தது. மாரிசாமி மீந்த புளித்த பாலை எடுத்தார். மாவை அளக்கவில்லை. வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்தார். பாலை ஊற்றி, ஒரு கிளறு கிளறி, மாவைத் தொட்டும் தொடாமலும் தட்டி வெட்டி, போறணைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே எடுத்தபோது அவை உயரமாக எழும்பி, நடுவில் வெடித்து நின்றன. றோசாலி ஒருநாளும் அவ்வளவு நல்ல ஸ்கோனைச் சுட்டதில்லை.

"அண்ணே," என்றாள். "ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"ரெஸ்ட் ஹவுஸ்ல வேற என்னத்தத் திம்பாங்க?"

"அப்போ நான் பெசையச் சொன்னது பொய்னு..."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பெசஞ்சீங்க?"

மாரிசாமி ஒன்றைப் பிட்டு வெண்ணெய் தடவி அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு தங்கச்சி," என்றார். "லுணுகலைத் தோட்டத்துல. அதுக்கும் இருமல்தான்."

றோசாலி அழுதாள். மூத்தது போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. அழுதுகொண்டே தின்றாள். பால் கொடுக்கிறவள் சூடு ஆறுமுன் தின்ன வேண்டும் என்று அவர் அதட்டிக்கொண்டிருந்தார்.

மாரிசாமி அந்தப் பங்களாவில் இருந்த காலம் முழுவதும் ஸ்கோனுக்குக் கைவராத சமையல்காரர் என்றே பெயரெடுத்தார். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் துரைசாணி அவரைக் கூப்பிட்டு நிறுத்தி அந்தக் கருங்கல் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாங்க, வரவே மாட்டேங்குதுங்க என்பார். அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு நேசராணி பக்கத்தில் நிற்பாள்.