மூன்று படைக்கும் ஒரு பேய்

சீருடையைப் பார்த்துத்தான் லூர்த்தம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவார். தரைப்படைக்காரனுக்கு அள்ளிப் போடுவார். அவனுக்கு அது பானம் அல்ல, சாப்பாடு. வான்படைக்காரனுக்கு முதலில் கிளாஸைத் துடைத்துக் காட்ட வேண்டும். "உவர் ஆகாசத்திலை இருந்து இறங்கி வாறவரெல்லோ, எங்கடை தூசி ஒத்துக்கொள்ளாது." கடற்படைக்காரனின் சங்கதி வேறு. கப்பலில் கால் வைக்காதவனும் முகாம் வாசலில் இருந்து றோட்டைக் கடந்து கடைக்கு வந்ததும், "கரைக்கு வந்தோம்" என்பான்.

மூன்று முகாம்களின் பாதைகளும் சேரும் சந்தி அது. பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வந்து கடை திறக்கும் லூர்த்தம்மா சண்டையில் விட்டு ஓடிய காணியும் கிணறும் அந்த முகாம் வேலிகளில் ஒன்றுக்குள் இருக்கின்றன. ஊர் ஒழுங்கைப் பாதைகள் அழிந்து, வேலிகள் இடம் மாறிய பிறகு எந்த வேலி என்பதுதான் தெரியாது. அது தெரிந்தால்தான் காணியைக் கேட்டு மனுக் கொடுக்கலாம். தரைப்படை கடற்படையிடம் கேட்கச் சொன்னது. கடற்படை வான்படையைக் காட்டியது. வான்படை மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, தரைப்படையிடம் அனுப்பியது. "மூண்டு பேரும் ஒத்துப்போறது என்ரை காணியிலை மட்டும்தான்."

இல்லை, பேய் விஷயத்திலும் ஒத்துப்போகிறார்கள். மூன்று முகாமிலும் காவலுக்கு நிற்பவனிடம் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி வருகிறாள். தரைப்படையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வான்படையில் ஓடுபாதை முனையில் நின்று விமானத்துக்குக் கை காட்டுகிறாள். தங்கள் பேயை மற்றவர்கள் களவெடுத்துவிட்டார்கள் என்பது ஒவ்வொரு படைக்கும் உள்ள குறை.

போன கிழமை ஒரு மாலுமி வந்து, தேத்தண்ணியில் தோய்த்துத் தின்னும் வழமையான பணிஸோடு இன்னொன்றும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"மற்றது எங்கட பேய்க்கு, அம்மா. காவலுக்குப் போறவன் கிணத்தைச் சுத்தின கட்டிலை வைக்கோணும். வைக்காட்டி தமிழிலை ஏசும்."

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தரைப்படைக்காரன் சிரித்தான். "நேவிப் பேய்க்குப் பணிஸும் வேணுமாம். எங்கட பேய் சும்மாவே வேலை செய்யும்."

"எங்கடதான் ஒரிஜினல்!" மாலுமிக்கு ரோஷம் வந்துவிட்டது. சாட்சியும் வைத்திருந்தான். அந்தக் கிணற்றுக் கட்டில் ஒரு சிலுவை இருக்கிறது, அதுவும் ஒரு பக்கம் சரிந்த சிலுவை. பேய் சாய்ந்து சாய்ந்து நின்றதில்தான் சரிந்ததாம்.

லூர்த்தம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. தங்கள் கிணற்றுக்குக் கட்டுப் பூசிய அன்று ஈரச் சீமெந்தில் அந்தச் சிலுவையைக் கீறியவர் அவருடைய கணவர் பிலிப்பு. நல்ல குடிவெறியில் கீறினார்.

"பேய் கிழவியோ, தம்பி?"

"தெரியாது அம்மா. தண்ணி அள்ளும். ஏசும்."

"ஏசுறதெண்டால் என்ரை மாமியார்தான். ஆனால் மனிசி ஒருநாளும் தண்ணி அள்ளினதில்லை. அள்ளினது நான்."

அவனுக்கு விளங்கவில்லை. நீட்டிய கையில் லூர்த்தம்மா ஒரு பணிஸை வைத்தார். மற்றதைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, அவனைப் பார்த்தபடியே சப்பத் தொடங்கினார்.