ஜட்காவில் ஐந்தாவது ஆள்

போன ஆடியில் குற்றாலம் போனோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவர். மதுரையில் ஆடி மாதமும் வெயில் விடுவதாக இல்லை. வாத்தியார் வேலையில் மிச்சம் பிடித்திருந்த நான்கு நாள் விடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சீசனுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அருவியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதப்போவது பெரும்பாலும் வேறு விஷயம்.

மதுரையில் இரவு ரயில் ஏறினால் விடிந்ததும் தென்காசி. பிளந்து நிற்கும் கோயில் கோபுரம் ரயிலிலிருந்தே தெரியும். இறங்கியதும் காற்று வேட்டியைப் பிடுங்கும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டே நடப்பது நல்லது. குற்றாலம் அங்கிருந்து மூன்று மைலுக்குக் கொஞ்சம் அதிகம். ஜட்காவுக்கு ஒன்றேகால் ரூபாய். நயா பைசா வந்த நாளிலிருந்து அணாவில் கேட்பதா பைசாவில் கேட்பதா என்று வண்டிக்காரருக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம்.

எங்கள் வண்டிக்காரர் பெயர் மைதீன். நாற்பது வயதிருக்கும். சட்டையில் பித்தளை வில்லை குத்தியிருந்தார். அது இல்லாமல் வாடகைக்கு ஓட்டக் கூடாது. ஒரு ஜட்காவில் நான்கு பேர்தான் ஏறலாம் என்பது விதி. நாங்கள் சரியாக நான்கு பேர்.

ஊரைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. சாலையோரம் மல் வேட்டி கட்டிய ஒருவர் குடையை உயர்த்தினார். மைதீன் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார். அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "குளிக்கவா சார்? இந்த வருஷம் நல்ல தண்ணி" என்று சிரித்தார். முக்கால் மைல் வந்து ஒரு தோப்பு வாசலில் இறங்கி, கூலி ஒன்றும் கொடுக்காமல், குடைக்குள் மறைந்துவிட்டார். யார் என்று கேட்டேன். "பெரிய வீட்டு அண்ணாச்சி. வேண்டாம்னு சொல்ல முடியுமா?" என்றார் மைதீன்.

அடுத்த வளைவில் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். "அஞ்சு தலைய எண்ணிக்கிட்டுத்தான்லே நிக்கேன். ஒருத்தர எங்கன எறக்கிவிட்ட?" வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, நாளை மறுநாள் கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் மைதீன் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஏற்கெனவே ரெண்டு கேசு. இதோட மூணு. வில்லையப் பிடுங்கிருவாக. சீசனுல ஓட்டாட்டா வருசம் பூரா குதிரைக்குக் கொள்ளு கூட வாங்க முடியாது. நாலு பேருக்குத்தான் சத்தம் பேசுனோம்னு நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னாப் போதும்." வண்டிக் கூலியை அங்கே சத்தம் என்பார்கள். வருகிறேன் என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பாடம் நடத்துகிறவன் வேறு என்ன சொல்வேன்? கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பேரருவியில் குளித்தோம். போகிறவர்கள் விடியும் முன்பே போய்விடுங்கள், பிறகு தள்ளுமுள்ளுதான். ஐந்தருவிக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

அதற்கடுத்த நாள் காலை தென்காசி. சில்லறை வழக்குகளை உள்ளூர்ப் பெரிய மனிதர்களே முறை வைத்து உட்கார்ந்து விசாரிக்கிறார்கள்; கௌரவ மாஜிஸ்திரேட் என்று பெயர். டவாலி கூப்பிட்டதும் மைதீன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பின்னால் போன நான் நிமிர்ந்து பார்த்தேன். மேடை மேல் உட்கார்ந்திருந்தவர் அந்தக் குடைக்காரர்.

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. "சாருக்கு ஒரு நாற்காலி போடுப்பா" என்றார். போட்டார்கள். உட்கார்ந்தேன். மைதீன் கூண்டில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். நாங்கள் நான்கு பேர்தான் வண்டி பேசினோம், ஐந்தாவது ஆள் வழியில் தானாக ஏறினார் என்றேன்.

"யார் அந்த ஆள்?" என்று குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் மைதீன் முந்திக்கொண்டார்.

"எம் மச்சினன் எசமான்! நாந்தான் ஏத்துனேன். தப்பு எம் மேலதான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஐந்து ரூபாய் போட வேண்டிய அபராதத்தை மாஜிஸ்திரேட் இரண்டு ரூபாயாகக் குறைத்தார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வழக்கு, அதனால் சீசன் முடியும்வரை வில்லை கிடையாது. மைதீன் ஊக்கைக் கழற்றி வில்லையை மேசையில் வைத்தார். மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பி, "ஐந்தருவி பார்த்தாச்சா சார்?" என்றார். நான் பார்த்தாச்சு என்று பதில் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். மைதீனுக்குக் கோபம் இல்லை. "இன்னைக்கு அவுக முறைன்னு தெரிஞ்சிருந்தா உங்கள வரச் சொல்லியிருக்கவே மாட்டேன். நீங்க நாளைக்கு ரயிலேறிப் போயிருவீக அண்ணாச்சி. நான் இங்கனதான் கெடக்கணும்" என்றார். நான் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. எனக்காக வேறொரு வண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டு, "ஏலே, நாலு பேருக்கு மேல ஏத்தாத" என்று அந்த வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்து போனார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆனிக் கடைசியிலிருந்து ஆடி முழுவதும் நல்ல தண்ணீர். மாற்றுத் துணி இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், அங்கே எதுவும் காயாது. ஜட்காவில் ஏறும்போது தலைகளை எண்ணுங்கள். ஐந்தாவதாக ஒருவர் ஏற வந்தால், அவர் யாராக இருந்தாலும் இடமில்லை என்று நீங்கள் சொல்லுங்கள். வண்டிக்காரரால் சொல்ல முடியாது. வழக்கு வந்தால் அவர் மீதுதான் வரும், நம் மீது வராது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஊர் திரும்பும் நாள் ஸ்டேஷனுக்குப் போகும்போது வேறு வண்டி, வேறு வண்டிக்காரர், அதே நான்கு பேர். அந்தத் தோப்பு வாசலில் அதே குடை உயர்ந்தது. வண்டி நின்றது. வண்டிக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள்.

"வாங்க சார்" என்று சொல்லி, நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.